கோபுரத்துக்கு முதுகைக் காட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

நானும் என் கணவரும் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறோம். போன வருடம் திண்டுக்கல் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். 30 நாள் நோட்டீஸ் காலத்திலேயே விடுப்பெல்லாம் கரைந்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள் அப்பாவுக்குத் தெரிந்து, அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அம்மா பேசுகிறார், அப்பா கடைக்குப் போன பிறகு. என் கணவர் வீட்டில் அதுவும் கிடையாது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததோடு எங்கள் கல்யாணம் முடிந்தது. மாலைகூட மாற்றவில்லை.

அக்டோபர் நடுவில் நான்கு நாள் பாரிஸ் போகிறோம். திறந்தவெளியில் எங்காவது, நாங்கள் இருவர் மட்டும் நின்று மாலை மாற்றிக்கொள்ள ஆசை. இங்கே இதை ‘எலோப்மென்ட்’ என்கிறார்கள். புகைப்படக்காரர் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்: திரோக்கதேரோ, பிர் ஹக்கீம் பாலம், லுக்சம்பூர் தோட்டம், மொம்மார்த்ர் படிக்கட்டு, பொன் தேசார், வேர் கலான். எல்லாப் படமும் அழகாக இருக்கிறது, அதனால் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. நீங்கள் பிரான்சில் இருந்தவர். எங்கே நிற்கலாம்? அனுமதி வாங்க வேண்டுமா?

இன்னொன்று. அம்மா கொரியரில் ஒரு மஞ்சள் கயிறு அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு அவரை வீடியோ காலில் கூப்பிடலாம் என்கிறேன். “இருவர் மட்டும்னுதானே பேச்சு” என்கிறார் கணவர்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நோட்டீஸ் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓடிப்போகிறவர்களைப் பிடிக்கக் கண்ணி வைக்காத அரசாங்கம் இல்லை. நீங்கள் போகிற பிரான்சிலேயே 1556இல் இரண்டாம் ஹென்றி மன்னர் ஓர் ஆணை போட்டார். 30 வயது ஆகாத மகனோ 25 வயது ஆகாத மகளோ பெற்றோர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டால், அவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்று பெற்றோர் எழுதிவைத்துவிடலாம். இன்றைக்கும் அங்கே சட்டப்படி கல்யாணம் என்றால் நகராட்சி மன்றத்தில்தான். மணமக்களில் ஒருவராவது அவர்களைப் பெற்றவர்களாவது அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். 10 நாள் முன்பே பெயரை எழுதி ஒட்டுவார்கள். சடங்கு நடக்கும்போது அறைக் கதவைச் சாத்தக்கூடாது, தெருவில் போகிறவரும் உள்ளே வந்து பார்க்கலாம். காதலுக்குப் பேர்போன ஊர், ஆனால் ரகசியக் கல்யாணம் என்றால் ஆகாது.

அதனால் வெளியூரிலிருந்து போகிறவர்கள் சட்ட வேலையைச் சொந்த ஊரில் முடித்துவிட்டு, சடங்கை மட்டும் அங்கே வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்த வேலை டீயோடு முடிந்துவிட்டது. இனி யாரிடமும் காகிதம் காட்ட வேண்டியதில்லை. இடம்தான் பாக்கி.

பட்டியலில் முதலில் இருப்பதை முதலில் அடித்துவிடுகிறேன். திரோக்கதேரோ என்பது 1937 கண்காட்சிக்காகக் கட்டிய மாளிகையின் இரண்டு சிறகுகளுக்கு நடுவே இருக்கிற கல்தளம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈஃபில் கோபுரம், 330 மீட்டரும் மறைப்பில்லாமல் தெரியும். படத்தில் பார்த்தால் உலகத்திலேயே நீங்கள் இருவர்தான் என்பது போல இருக்கும். ஒரு ஜூன் மாதக் காலை ஆறரை மணிக்கு அங்கே நின்று எண்ணினேன், ஏழு மணப்பெண்கள். ஒருத்தி வெள்ளைக் கவுனின் வாலைச் சுருட்டி முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பும் கையில் குதிகால் செருப்புமாக, ரேஷன் கடையில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தாள். முறை வந்ததும் செருப்பை மாற்றி, வாலை உதறி விரித்து, ஓடிப்போய்க் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் முகத்துக்கு நேரே இருந்தது என்ன? அடுத்த மணப்பெண், அவளுடைய புகைப்படக்காரர், அவருக்குப் பின்னால் வளையத்தில் குட்டிக் கோபுரச் சாவிக்கொத்துகளைக் கோத்து விற்கிற பையன். அன்றைக்கு அங்கே கோபுரத்தைப் பார்த்தபடி மோதிரம் மாற்றிக்கொண்டவர்கள் ஒருவரும் இல்லை.

நான் உங்களுக்குச் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு காட்சியிலிருந்துதான். புகைப்படக்காரர் அனுப்பிய படங்கள் எல்லாம் அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தவை. நீங்கள் போய், நீங்கள் நிற்கப்போகிற இடத்தில் நின்று பாருங்கள். அவர் தோளுக்கு மேலே என்ன தெரிகிறது, காதில் என்ன விழுகிறது, காலுக்குக் கீழே கல் எப்படி இருக்கிறது என்று. முதல் நாளே போய் இறங்கினதும் இதைச் செய்துவிடுங்கள், படப்பிடிப்பை மூன்றாம் நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபுரம் வேண்டும்தான் என்றால் இரவில் போய்ப் பாருங்கள். இருட்டின பிறகு ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். அந்த விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை வேறு இருக்கிறது. நீங்கள் எடுத்து வீட்டுக்கு அனுப்பினால் யாரும் கேட்கப்போவதில்லை, புகைப்படக்காரர் தன் விளம்பரத்துக்குப் போட்டால் அனுமதி வாங்க வேண்டும். அது அவர் பாடு.

பிர் ஹக்கீம் பாலம் கண்ணுக்கு எனக்கும் பிடிக்கும். 1905இல் கட்டி முடித்த இரும்புப் பாலம், இரண்டு அடுக்கு. இரும்புத் தூண்கள் வரிசையாகப் போவது நம் கோயில் பிரகாரத்தை நினைவுபடுத்தும், மழை வந்தாலும் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் மேல் அடுக்கில் மெட்ரோ ஆறாம் எண் ஓடுகிறது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை தலைக்கு மேல் தடதடவென்று ரயில். அவர் உங்களிடம் ஏதாவது சொல்வார், நீங்கள் “என்ன?” என்பீர்கள். பேசாமல் மாலை மாற்றிக்கொள்கிற ஜோடி என்றால் சரி. அங்கேயே படியிறங்கினால் அன்னத் தீவு, ஆற்றின் நடுவே நீளமாக, ஒரு மரச்சாலை அளவுக்கே அகலமுள்ள செயற்கைத் தீவு. கூட்டம் குறைவு, கோடியில் ஒரு சின்னச் சுதந்திரதேவி சிலை நிற்கும். பட்டியலில் அது இல்லாதது ஆச்சரியம்.

லுக்சம்பூர் தோட்டத்தில் மெதிசி நீரூற்றுப் பக்கம் அக்டோபரில் இலை உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும், சொக்கிப்போவீர்கள். ஆனால் அந்தத் தோட்டம் செனட் சபையின் சொத்து. தொழில்முறைப் புகைப்படக்காரர் என்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும், விசில் வைத்திருக்கிற காவலர்கள் இருக்கிறார்கள். வாயிற்கதவு திறப்பதும் மூடுவதும் பருவத்துக்குப் பருவம் மாறும். அனுமதிக்கு அலைய உங்களுக்கு நேரமில்லை என்று நினைக்கிறேன், நோட்டீஸ் ஒரு தடவை போதும். தெருவிலும் பாலத்திலும் ஆற்றங்கரையிலும் இரண்டு பேரும் ஒரு கேமராவும் நின்றால் நான் பார்த்தவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வளைவு, நாற்காலி, கம்பளம் என்று எதையாவது கொண்டுபோய் வைத்தால்தான் கேள்வி வரும். கற்பூரம் ஏற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், திறந்தவெளியில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள்.

மொம்மார்த்ர் படிக்கட்டு பட்டுப்புடவைக்கு ஆகாது. அவ்வளவுதான்.

பொன் தேசார் (பிரெஞ்சில் ‘பொன்’ என்றால் பாலம்; மொழி தெரியாமல் போன முதல் வாரத்தில் ஊரெல்லாம் பொன்னாக இருக்கிறதே என்று பார்த்தவள் நான்) பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். காதலர்கள் பெயர் எழுதிப் பூட்டு மாட்டி, சாவியை ஆற்றில் எறிந்த பாலம். 2014இல் பாரம் தாங்காமல் கைப்பிடிச் சுவரில் ஒரு பகுதி சரிந்தது. மறுவருடம் மொத்தத்தையும் கழற்றினார்கள், 45 டன் பூட்டு. இப்போது அங்கே கண்ணாடித் தடுப்பு. பாலம் நல்ல பாலம், மரப்பலகைத் தளம், வண்டி வராது. ஆனால் நாள் முழுக்க நடக்கிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், நடுவில் நின்று கயிறு கட்ட முடியாது.

மிச்சம் வேர் கலான். அதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

சேன் ஆற்றின் நடுவே இருக்கிற சித்தே தீவின் மேற்கு நுனி அது. பொன் நெஃப் பாலத்தில் நாலாம் ஹென்றியின் குதிரைச் சிலைக்குப் பின்னால் படிக்கட்டு இருக்கிறது. (வேர் கலான் என்பது அவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர், வயதானாலும் பெண்பித்து விடாதவர் என்று மரியாதையாகச் சொல்வது.) பாலமும் தெருவும் மேலே போய்விட, இந்த நுனி மட்டும் தீவின் பழைய மட்டத்திலேயே கிடக்கிறது. கீழே இறங்கினதும் வண்டிச் சத்தம் பாதியாகிவிடும். முனையில் ஒரு வில்லோ மரம் ஆற்றின் பக்கம் சாய்ந்து தொங்கும். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து வலது கையில் லூவ்ர் அருங்காட்சியகம், எதிரே அந்தப் பொன் தேசார், இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு படகு போனால் கொஞ்சம் கழித்துத்தான் அலை வந்து கல்லில் ‘சளப்’பென்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் அங்கே போவேன். ஓரத்துக் கல் பாசி பிடித்து வழுக்கும், புடவையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள்.

சாயங்காலம் போகாதீர்கள், வைன் பாட்டிலும் கிட்டாருமாக இளவட்டங்கள் நிறைந்திருக்கும். காலையில் போங்கள். அக்டோபர் நடுவில் அங்கே விடிவதே எட்டே கால் வாக்கில்தான், ஜூன் மாத மணப்பெண்கள் போல நாலு மணிக்கு எழுந்து முகத்தைப் பூச வேண்டியதில்லை. வெயில் உங்கள் முதுகுப் பக்கம், பாலத்துக்கு மேலே இருந்து வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, அது என் சொந்தத் தப்பிலிருந்து. 2018 ஜனவரி கடைசியில் என் சிநேகிதியும் அவள் ஆளும் லண்டனிலிருந்து வந்து அங்கேதான் மாலை மாற்றுவதாக ஏற்பாடு. இடம் சொன்னது நான். அப்போது நான் லியோனில் இருந்தேன். சேன் ஏறுகிறது என்று செய்தியில் காட்டினார்கள். நம் ஊர் வெள்ளத்தில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தவளுக்கு அது ஒரு வெள்ளமாகவே படவில்லை. காலை ரயிலில் போய் இறங்கி, லா ஷப்பல் பகுதித் தமிழ்க்கடையில் சொல்லிவைத்திருந்த இரண்டு மாலையையும் பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தால், தோட்டத்தைக் காணோம். பழுப்புத் தண்ணீர், அதில் மரங்களின் மேல்பாதியும் விளக்குக் கம்பங்களும் மட்டும் நிற்கின்றன. ஆற்று மட்டம் அந்த வாரம் கிட்டத்தட்ட 5.85 மீட்டரைத் தொட்டிருந்தது. சிநேகிதி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தெருவைக் கடந்து எதிரே போனோம். அங்கே பிளாஸ் தோஃபின் என்று முக்கோணமாக ஒரு சதுக்கம், அதே நாலாம் ஹென்றி காலத்தில் ஏற்பட்டது. மொட்டை மரங்கள், ஈர மண், பெஞ்சுகள். தூறல். குளிரில் மாலையின் ரோஜா விறைத்துப்போய், கழுத்தில் போட்டதும் அவள் “ஐஸ்!” என்று கத்தினாள். நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர் நின்றார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், முடிகிற வரைக்கும் தூறலில் அப்படியே நின்றுவிட்டுத் தலையசைத்துப் போனார். அந்த நாயின் பெயர்கூட அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவர் அதட்டியதில் தெரிந்தது. புகைப்படக்காரரே இல்லை, என் போனில் எடுத்த மூன்று மங்கல் படங்கள்தான்.

ஆகவே: வேர் கலான், காலை. முந்தின நாள் போய் ஆற்றைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் இருந்தாலோ கூட்டம் இருந்தாலோ பிளாஸ் தோஃபின், இரண்டு நிமிட நடை. பாரிஸில் வருடம் முழுக்கப் பெய்கிற மழையைக் கூட்டினால் சென்னையில் பெய்வதில் பாதிகூட வராது, ஆனால் அதை மாதாமாதம் தவணை கட்டுவது போலத் தூறிக்கொண்டே இருக்கும். குடை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையை முந்தின நாள் சாயங்காலம் லா ஷப்பலில் வாங்கி, ஓட்டல் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் போதும்.

இனி அம்மா விஷயம். உங்கள் வீட்டுப் பஞ்சாயத்தில் தலையிடுகிறேன், அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்களே. எலோப்மென்ட் என்பதற்கு நம்மிடம் இரண்டாயிரம் வருடமாக ஒரு சொல் இருக்கிறது, உடன்போக்கு. அகப்பாட்டில் அதற்குக் கொடுத்திருக்கிற இடம் பாலை, நிழலில்லாத காடு. அந்தப் பாட்டுகளில் போனவர்கள் பேசுவதைவிட எனக்கு எப்போதும் மனதில் நிற்பது வீட்டில் இருந்துவிட்ட தாய் பேசுவதுதான். பெண் விளையாடிய பந்தைப் பார்ப்பாள், வெயில் கொஞ்சம் தணியட்டும் என்று வேண்டுவாள். அவள் கேட்பது ஒன்றுதான், அந்த வழி எப்படி இருக்கும் என்று.

உங்கள் அம்மா கொரியர் கவரில் கயிறு வைத்து அனுப்பியிருக்கிறார். அவரைத் தள்ளிவைத்துவிட்டு அதைக் கட்டிக்கொள்ள முடியாது என்பது என் கட்சி. உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீடியோ என்றால் போனை ஒருவர் பிடிக்க வேண்டும், அம்மா “முகம் தெரியலையே, கொஞ்சம் திருப்பு” என்பார், மறுபடியும் நீங்கள் கேமராவைப் பார்த்து நிற்கத் தொடங்கிவிடுவீர்கள். வெறும் போன் கால் போடுங்கள். போட்டு, உங்கள் கணவர் கோட்டின் மேல்பையில் வைத்துவிடுங்கள். அம்மாவுக்கு ஆற்றுச் சத்தம் கேட்கும், படகு போனால் கேட்கும், நீங்கள் இருவரும் பேசுவது கேட்கும். அவர் பேசினால் பையிலிருந்து வரும்.

அங்கே காலை 8.15 என்றால் திண்டுக்கல்லில் 11.45. அப்பா கடையில் இருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று மட்டும் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா