மகளுக்குச் சங்கீதம் வராதா? முதலில் சுருதியை மாற்றுங்கள்

வன்னியில் உள்ள ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: ஏழாம் தரத்தில் படிக்கும் மகளுக்குக் குரல் இல்லை, சித்திரத்துக்கு மாற்றுங்கள் என்று பாடசாலையில் சொல்கிறார்கள். தனியார் வகுப்பு நடத்தும் ஒருவரோ, தன்னிடம் கீபோர்ட் வாங்கினால் ஆறு மாதத்தில் சுருதியும் சேரும், சான்றிதழும் வரும் என்கிறார். வீட்டில் அம்மப்பாவோடு காத்தவராயன் கூத்துப் பாட்டை மட்டும் பிள்ளை பிசகாமல் பாடுகிறாள். என்ன செய்வது?

பாடத்தை மாற்றாதீர்கள். கீபோர்டும் வேண்டாம்.

காத்தவராயன் கூத்துக்குரிய சிந்து நடை மெட்டில் அம்மப்பாவின் பாட்டைப் பிடித்துப் பாடும் பிள்ளைக்குக் காதில் குறை இல்லை. கூத்துப் பாட்டைச் சங்கீதக் கணக்கில் சேர்க்காத பழக்கம்தான் நம்மவர்களின் கண்ணை மறைக்கிறது. சுருதி என்பது பாட்டுக்கு அடிப்படையான ஸ-வின் உயரம்; அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், கட்டை கூடக்கூடச் சுருதி ஏறும். ஆண் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் முதற்பாடமான சரளி வரிசையைத் தொடங்குவார்கள். அந்தச் சுருதியில் அவரோடு கீழே இறங்கினால் பிள்ளையின் குரல் அடைத்துப்போகும். ஒரு ஸ்தாயி, அதாவது ஸ முதல் அடுத்த ஸ வரையான தூரம், மேலே பாடினால் மேல்ஸ்தாயி வரிசையில் கீச்சிடும். பெண் குரலுக்கு ஐந்து கட்டையை ஒட்டித்தான் பெரும்பாலும் வசதி.

கைப்பேசியில் இலவசத் தம்புரா செயலி கிடைக்கும். ஐந்து கட்டையில் வைத்து ஸ, ப, மேல் ஸ மூன்றையும் பாடச் சொல்லுங்கள். தொண்டை இறுகினால் அரைக் கட்டை குறையுங்கள். கீழே குரல் எடுபடாவிட்டால் அரைக் கட்டை கூட்டுங்கள். சிரமமின்றி வரும் இடம்தான் அவளுடைய சுருதி. தினமும் காலையில் அதில் மட்டும் பாடட்டும்.

ஆண்பிள்ளைகளின் நிலை வேறு. கேள்வி மகளைப் பற்றியது என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் அவர்களுக்குக் குரல் உடைந்து, ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நேற்றுப் பாடிய சுருதி இன்று எட்டாது. குரல் நிலைபெறும்வரை மெதுவாக, தாழ்ந்த சுருதியில் பாடவிட வேண்டும். மிருதங்கமோ வயலினோ பழகலாம். அந்த மாதங்களில் 'இவனுக்கு வராது' என்று ஒதுக்கப்பட்ட பையன்கள் எத்தனையோ பேர்.

கீபோர்ட் விற்பவரிடம் கவனமாக இருங்கள். கீபோர்டின் அசையாத விசைகளில், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் பழக முடியாது. சான்றிதழை, பரீட்சை நடத்தும் அமைப்புத்தான் வழங்கும்; விற்பனையாளர் அல்ல. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாகத்தான் கடக்க வேண்டும். பரீட்சிப்பவர் யார், எங்கே, பற்றுச்சீட்டு உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வன்னிக்கு ஆசிரியரை அனுப்பி, அவர் பிள்ளைகளின் குரலை அறியும் முன்பே இடமாற்றம் கொடுத்துவிடுகிறார்கள். வெற்றிடத்தை நிரப்ப அக்கறை இல்லை. பிள்ளைக்குக் குரல் இல்லை என்று எழுதிவிடுவது மட்டும் எளிதாக இருக்கிறது. சாதாரண தரத்துக்கான பாடத் தெரிவு பத்தாம் தரத்தில்தான். அதுவரை அவசரப்படுத்த யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். அடுத்த செயன்முறைப் பரீட்சையில் மகளை அவளுடைய சுருதியில் பாடவிடுமாறு அதிபருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.