கல்லூரிக்கு முன் ஓராண்டு நாட்டுச் சேவை: அமெரிக்காவில் வாழும் ஒரு தாயின் கவலைக்குப் பதில்

வணக்கம் அம்மா.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள், கல்லூரியில் இடம் கிடைத்த பிறகும் உடனே சேராமல், அமெரிக்க அரசின் தொண்டுப் பணி அமைப்பான அமெரிக்கார்ப்ஸ் நடத்தும் என்.சி.சி.சி. என்ற இளைஞர் சேவைத் திட்டத்தில் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றி, நாட்டின் சில பகுதிகளையும் பார்த்துவிட்டு அதன் பிறகே படிக்கப் போவதாகச் சொல்கிறாள் என்றும், ஒருமுறை விட்ட படிப்பு மறுபடி கைக்கு வருமா என்ற கவலையில் உங்களுக்கு உறக்கமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கல்லூரிச் சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைப்பதற்கான ஒப்புதலை எழுத்து மூலம் பெற்றுக்கொண்டு புறப்பட்டு, ஏற்றுக்கொண்ட பணியை இடையில் விடாமல் முடித்துத் திரும்புவாளானால், இந்த ஓராண்டால் அவளுடைய படிப்புக்கு இழப்பு எதுவும் இல்லை என்பதே என் கருத்து. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் உங்கள் அச்சம் நியாயமானதுதான்.

முதலில், இது இராணுவப் பணி அன்று. பதினெட்டு வயதான ஆண் பிள்ளைகளின் பெயர், தேவைப்பட்டால் இராணுவத்துக்கு ஆள் அழைப்பதற்கான பட்டியலான செலக்டிவ் சர்வீஸில் பதிவாக வேண்டும் என்ற சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையற்ற இளைஞர்களைக் காடு வளர்க்கவும் பூங்காக்கள் அமைக்கவும் அதிபர் ரூஸ்வெல்ட் திரட்டிய படையை முன்மாதிரியாகக் கொண்டு, 1990களின் தொடக்கத்தில் உருவானது என்.சி.சி.சி. 18 முதல் 26 வயது வரை உள்ளவர்கள் சுமார் பத்து மாதங்கள், பத்துப் பேர் அளவிலான சிறு குழுக்களாகப் பணியாற்றுவார்கள். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ, மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் போன்ற ஊர்களில் உள்ள மண்டல மையங்களில் பயிற்சி பெற்று, அங்கிருந்து வேனில் ஊர் ஊராகச் செல்வதே இதன் வழக்கம். தங்குமிடமும் உணவும் திட்டத்தின் பொறுப்பு. கைச்செலவுக்குச் சிறு தொகையும் உண்டு.

உங்கள் மகள் இதைப் பயணம் என்ற கண்ணோட்டத்தில் மட்டும் பார்க்கிறாளோ என்று எனக்கு ஓர் ஐயம் இருப்பதால், அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மையத்தைவிட்டு வெளியூரில் தங்கிப் பணிபுரிவதை அங்குள்ளவர்கள் 'ஸ்பைக்' என்பார்கள். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்திலோ, தேவாலயத்தின் அடித்தளத்திலோ, பூங்காவில் அடித்த கூடாரத்திலோ படுக்க வேண்டியிருக்கும். முன்பின் அறியாத பத்துப் பேருக்குக் குறைந்த தொகைக்குள் மளிகை வாங்கி, முறைவைத்துச் சமைத்து, பாத்திரம் கழுவி, விடியற்காலையில் சீருடையும் இரும்பு முனை வைத்த காலணியும் அணிந்து வேலைக்குக் கிளம்ப வேண்டும். வெள்ளத்தில் ஊறிப்போன வீட்டின் சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தெடுப்பது, மலைப்பாதை அமைப்பது, களைச்செடிகளை அகற்றுவது, ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் அமைப்புகளோடு ஆணி அடிப்பது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருவது என்று சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை வேலையும் ஊரும் மாறும். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு வளைகுடாக் கரையோரத்தில் இந்தக் குழுக்கள் செய்த மறுசீரமைப்புப் பணி குறிப்பிடத்தக்கது. எந்த ஊருக்குப் போவது என்பதை அவள் தேர்ந்தெடுக்க முடியாது. இதையெல்லாம் கேட்ட பிறகும் அவள் ஆர்வம் குறையவில்லை என்றால், அந்த ஆர்வத்தை நீங்கள் மதிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

விண்ணப்பிக்கும் முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய முதல் செய்தி உங்கள் குடும்பத்தின் விசா நிலை. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்.சி.சி.சி.யில் சேர அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை, இந்த நாட்டிலேயே பள்ளிப் படிப்பு முழுவதையும் முடித்திருந்தாலும், இதில் சேர முடியாது. நம் குடும்பங்களில் பல, கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதால், விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில்தான் இதை அறிந்து பிள்ளைகள் மனம் உடைகிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள், ஊதியமோ உதவித்தொகையோ இல்லாத உள்ளூர்த் தொண்டுப் பணியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். 21 வயதில் எச்-4 தகுதி முடிந்துவிடுவதால், ஓராண்டைத் தள்ளிப்போடுவதன் விளைவைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர்கள் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது கல்லூரியின் ஒப்புதல். இடம் கிடைத்த கல்லூரியில் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு ஓராண்டு ஒத்திவைப்புக் கோரி விண்ணப்பிப்பதே சரியான வரிசை. பெரும்பாலான கல்லூரிகளுக்கு முன்பணம் கட்டும் கடைசி நாள் மே 1. ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்காமலேயே ஓராண்டு கழித்து எல்லாக் கல்லூரிகளுக்கும் புதிதாக மனுப்போடலாம் என்று அவள் சொன்னால் அதற்கு உடன்படாதீர்கள். ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பள்ளி ஆலோசகரின் உதவி எல்லாம் பள்ளியில் இருக்கும்போது கிடைப்பதுபோல் பிறகு கிடைக்காது. ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்கள் இத்தகைய ஆண்டை நெடுங்காலமாக ஊக்குவிக்கின்றன. பிரின்ஸ்டன் 2009 முதல் புதிய மாணவர்கள் சிலரைத் தன் பொறுப்பிலேயே வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்பிவருகிறது. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை; மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒத்திவைப்பு எளிதில் கிடைப்பதில்லை. தொலைபேசியில் யாரோ 'பரவாயில்லை' என்று சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். இடம் மட்டும் காத்திருக்குமா, அதோடு கல்லூரி அறிவித்த உதவித்தொகையும் காத்திருக்குமா, சேரும் துறையும் அதேதானா என்ற மூன்று கேள்விகளுக்கும் மின்னஞ்சலில் விடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட ஆண்டில் வேறு கல்லூரியில் பாடங்களை எடுத்தால் புதுமுக மாணவர் என்ற தகுதி போய்விடும் கல்லூரிகளும் உண்டு. கூட்டாட்சிக் கல்வி உதவி கோரும் ஃபாஃப்சா படிவத்தை, அவள் கல்லூரியில் சேரும் ஆண்டுக்கு மறுபடியும் நிரப்ப வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணிக்காலத்தை முழுமையாக முடித்தவர்களுக்குக் கிடைக்கும் கல்வி நிதி, வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் உதவித்தொகையின் அந்த ஆண்டு உச்ச அளவுக்குச் சமம். அண்மைய ஆண்டுகளில் அது 7,395 டாலர். ஏழு ஆண்டுகளுக்குள் கல்லூரிக் கட்டணத்துக்கோ கூட்டாட்சிக் கல்விக் கடனை அடைக்கவோ பயன்படுத்தலாம். பயன்படுத்தும் ஆண்டில் அது வரிக்கு உட்பட்ட வருமானம் என்பதை மறக்க வேண்டாம். நான்காண்டுக் கல்லூரிச் செலவில் இது சிறு பங்குதான்; பணத்துக்காக இத்திட்டத்தில் சேர வேண்டியதில்லை. ஆனால் தக்க காரணம் இன்றி நடுவில் விலகினால் அந்தச் சிறு பங்கும் கிடைக்காது. மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, 26 வயது வரை அவள் உங்கள் காப்பீட்டிலேயே தொடரலாம். அதிலிருந்து அவளை நீக்க வேண்டாம்.

இந்தத் திட்டத்துக்கு நேர்ந்த ஒரு சிக்கலையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில், பணியில் இருந்த என்.சி.சி.சி. இளைஞர்கள் கூட்டாட்சி அரசின் செலவுக் குறைப்பு நடவடிக்கையால் திடீரென வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அமெரிக்கார்ப்ஸ் நிதியில் இயங்கிய பல உள்ளூர்த் திட்டங்களின் மானியமும் நிறுத்தப்பட்டது. வழக்குத் தொடர்ந்த மாநிலங்களுக்கு நிதியைத் திரும்ப வழங்குமாறு அதே ஆண்டு ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. அவள் சேர நினைக்கும் பருவத்துக்கு ஆள் எடுக்கிறார்களா என்பதை அமெரிக்கார்ப்ஸ் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வதோடு, மாற்றாக ஒரு திட்டத்தையும் இப்போதே தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். நகர்ப்புறப் பள்ளிகளில் மாணவர்களுக்குத் துணைநிற்கும் சிட்டி இயர், மாநில அளவிலான இயற்கைப் பாதுகாப்புக் குழுக்கள் ஆகியவை நல்ல மாற்றுகள். வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் இந்த வயதுக்கு உரியதன்று. அதற்குக் குடியுரிமையும் இருபத்தேழு மாதங்களும் வேண்டும், பட்டம் பெற்றவர்களையே பெரிதும் எடுக்கிறார்கள்.

அவள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம் என்றும், ஓராண்டு வீணானால் அந்த வரிசையில் பின்தங்கிவிடுவாள் என்றும் எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் நீட் எழுதும் பிள்ளைகளை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இன்று சேர்பவர்களில் பெரும்பான்மையினர் இளங்கலைப் பட்டத்துக்குப் பின் ஓராண்டாவது இடைவெளி எடுத்தவர்கள். வசதியற்ற மக்களோடு பழகிப் பணியாற்றிய அனுபவத்தை அந்தக் கல்லூரிகளின் தேர்வுக் குழுக்கள் மதிப்போடு பார்க்கின்றன. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: இளங்கலையையும் மருத்துவத்தையும் இணைத்து வழங்கும் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தால், அங்கே ஒத்திவைப்புக்கு இடமுண்டா என்பதைத் தெளிவாகக் கேட்டறிந்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும், மறுத்துவிட்டால் அந்த இடத்தை இழக்குமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தனிப் பயணத்தைப் பணி முடிந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. பயணத்தில் தொடங்கும் ஆண்டு பெரும்பாலும் பயணத்திலேயே கரைந்துவிடுகிறது. பத்து மாதம் உழைத்துவிட்டு, கூடப் பணியாற்றிய தோழிகளோடு சில வாரம் ஊர் சுற்றிவிட்டு வருபவளுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும், சிக்கனமாக வாழவும் பழகியிருக்கும். பணிக்காலத்தில் வாரம் ஒருமுறை, எந்த ஊரில் எந்த அமைப்போடு என்ன வேலை செய்தாள், எதில் தடுமாறினாள், மேற்பார்வையிட்டவர் யார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் உள்ளகப் பயிற்சிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது, 'சமூக சேவை செய்தேன்' என்ற பொதுவான வரியைவிட, அந்தக் குறிப்பேட்டில் உள்ள ஒரு வாரத்தின் விவரம் அவளுக்குப் பெரிதும் கைகொடுக்கும்.

உறவினர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் இடம் வாங்கிவிட்டாள், அடுத்த ஆண்டு சேர்கிறாள், அதற்கிடையில் நாட்டுச் சேவையில் இருக்கிறாள் என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்லூரிக்கு எழுதும் ஒத்திவைப்புக் கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம். அந்த ஆண்டில் என்ன செய்யப்போகிறாள், எப்போது திரும்புவாள், திட்டம் நடக்காவிட்டால் என்ன செய்வாள் என்பவற்றை அவளால் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுத முடிந்தால், அதை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அவளோடு நான் தனியே பேசுகிறேன். எழுத முடியாமல் திணறினால், அப்போதும் கோபிக்காமல் மே மாதக் கெடுவுக்குள் முன்பணத்தைக் கட்டிவிட்டு, ஒத்திவைப்புக் கோரிக்கைக்குக் கல்லூரி தரும் கடைசி நாள் வரை அவளுக்கு அவகாசம் கொடுங்கள்.