மகள் பி.டி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாளா?

டெக்சாஸிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு, வணக்கம்.

ஹைஸ்கூல் முடிக்கப்போகும் மகள் கம்யூனிட்டி காலேஜில் பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட் (பி.டி.ஏ.), அதாவது பிசியோதெரபிஸ்ட்டின் உதவியாளர் படிப்பில் சேர நினைக்கிறாள், கடைசிவரை எடுபிடி வேலைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை.

நோயாளியை முதலில் பரிசோதித்து, சிகிச்சைத் திட்டம் போடுபவர் தெரபிஸ்ட். அதை நாள்தோறும் செய்யவைப்பது பெரும்பாலும் பி.டி.ஏ.தான். முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனவரைப் பாருங்கள். இடுப்பில் பெல்ட் கட்டி, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாக்கரோடு நடக்கவைக்க வேண்டும். படுக்கவைத்துக் குதிகாலை மெல்ல இழுத்து மடக்கச் சொல்லி, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று காட்டும் கோனியோமீட்டரால் அளக்க வேண்டும். போன தடவை 85 டிகிரி மடங்கியது இன்று 92 என்றால், குறித்துக்கொண்டு அடுத்த பயிற்சிக்குப் போகலாம். அதே ஆளுக்குக் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலியும் இருந்தால்? உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பயிற்சியை அப்படியே நிறுத்தி, தெரபிஸ்ட்டுக்கும் நர்ஸுக்கும் சொல்லியாக வேண்டும். இதை முதலில் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் நிற்பவர்தான். இவ்வளவு பொறுப்புள்ள வேலையை எடுபிடி என்று சொல்ல எனக்கு மனசு வராது.

எல்லையும் உண்டு. நோயாளிக்கு வலி அதிகமாக இருந்தால் பி.டி.ஏ. அன்றைய பயிற்சியைக் குறைக்கலாம். திட்டத்தை மாற்ற முடியாது. முதல் மதிப்பீடும் அவர் கையில் இல்லை. 'நானே முடிவெடுக்க வேண்டும்' என்ற சுபாவம் உள்ள பிள்ளைக்கு இது சில வருஷத்தில் உறுத்தும். உங்கள் மகள் எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

படிப்பு சுமார் இரண்டு வருஷம், அசோசியேட் டிகிரி. கல்லூரியின் இந்தப் படிப்புக்கு, பிசிக்கல் தெரபி படிப்புகளை அங்கீகரிக்கும் 'கேப்டி' (CAPTE) அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். அந்த அங்கீகாரம் இருந்தால்தான் தேசியத் தேர்வு எழுதி மாநில லைசென்ஸ் வாங்க வழி உண்டு. அமெரிக்க அளவில் நடுத்தர வருடச் சம்பளம் 60,000 டாலருக்கு மேல். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 2022 முதல், பி.டி.ஏ. தரும் வெளிநோயாளி சிகிச்சைக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வழக்கமான கட்டணத்தில் 85 சதவீதம்தான் தருகிறது. ஆள் எடுக்கும் கிளினிக்குகள் இதைக் கணக்குப் பார்க்கும்.

அவள் மனசு தெரபிஸ்ட் ஆவதில்தான் இருக்கிறது என்றால், நேராக இளங்கலை முடித்து மூன்று வருஷ டி.பி.டி. (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) படிப்பதே நல்லது. பி.டி.ஏ.வாக இருந்து அங்கே போவதற்கென்று ஓஹையோவின் ஃபிண்ட்லே பல்கலைக்கழகம் போல வெகு சில இடங்களே வழி வைத்திருக்கின்றன.

இப்போதே முடிவெடுக்க வேண்டாம். இந்தக் கோடையில் ஒரு முதியோர் மறுவாழ்வு மையத்தில் வாலன்டியராகப் போகட்டும். பிள்ளைகள் ஸ்போர்ட்ஸ் கிளினிக்கைத்தான் கேட்பார்கள். ஆனால் வேலை நிறைய இருப்பது பெரியவர்களிடம்தான். பக்கவாதம் வந்து எழ மறுக்கும் தாத்தாவையும், கோபத்தில் கையைத் தட்டிவிடும் பாட்டியையும் அவள் பார்க்க வேண்டும். அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும் முன் ஒரே ஒரு வேலை: அந்தக் கல்லூரி மாணவர்களின் லைசென்ஸ் தேர்வுத் தேர்ச்சி சதவீதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதை அவர்கள் வெளியிட்டே ஆக வேண்டும்.