மாலுமிக் கோட்டு டி-ஷர்ட்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நீல, வெள்ளைக் கோடுகள் போட்ட பருத்தி டி-ஷர்ட் உண்மையிலேயே மாலுமிகளின் உடையா? நெப்போலியனின் 21 வெற்றிகளுக்காகவே 21 கோடுகள் என்றும் சொல்கிறார்களே?

பதில்: மாலுமிகளின் உடைதான். பிரெஞ்சுக் கடற்படை 1858 மார்ச் 27 அன்று பிறப்பித்த ஆணை இதைச் சீருடையில் சேர்த்ததோடு, உடல் பகுதியில் 20 மி.மீ. அகலமுள்ள 21 வெள்ளைக் கோடுகளும், அதில் பாதி அகலத்தில் 20 அல்லது 21 நீலக் கோடுகளும் இருக்க வேண்டும் என்று கணக்காக வரையறுத்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் நெப்போலியனின் தம்பி மகனான மூன்றாம் நெப்போலியன் என்பதால், வெற்றிக் கதை கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அகலங்களைக் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 63 செ.மீ. வருகிறது. அது ஒரு சட்டையின் உடல் நீளம். கோடுகளின் எண்ணிக்கையைப் போர்க்களத்தைவிடத் தையற்காரரின் அளவுநாடாதான் தீர்மானித்திருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: தரமானதை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முதலில் சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். சாயமேற்றிய நூலால் பின்னிய கோடு இரு புறமும் தெரியும். மேலே அச்சடித்த கோடு உள்ளே வெளிறியிருக்கும், இழுத்தால் நடுவில் வெள்ளை எட்டிப்பார்க்கும். அடுத்து, பக்கத் தையலில் முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றையொன்று சந்திக்கின்றனவா என்று பாருங்கள். அப்படிப் பொருத்தி வெட்டினால் துணி கூடுதலாக வீணாகும் என்பதால், செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். சாதாரணப் பனியன் துணியில் நூலின் முறுக்கு காரணமாகச் சில சலவைக்குப் பிறகு பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பிவிடுவதும் உண்டு. ஒற்றை நிறச் சட்டையில் அது கண்ணில் படாது, கோட்டுச் சட்டையோ உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: வெயில் காலத்துக்கு எந்த எடை ஏற்றது?

பதில்: சதுர மீட்டருக்கு 150 முதல் 180 கிராம் வரை போதும். 200க்கு மேற்பட்டது உருக்குலையாமல் நிற்கும் என்றாலும், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காய நேரமெடுக்கும்.

கேள்வி: நீலச் சாயம் வெள்ளைக் கோட்டில் இறங்காமலிருக்க உப்பு நீரில் ஊறவைக்கலாமா?

பதில்: வேண்டாம். சாயத் தொட்டியில் உப்பு சேர்ப்பது சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்காக. நூலில் ஒட்டாமல் எஞ்சிய சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது. முதல் சில முறை குளிர்ந்த நீரில் தனியாக அலசி, ஊறவைக்காமல், பிழிந்தபடியே குவித்து வைக்காமல் உடனே விரித்து நிழலில் காயவையுங்கள். சாயம் இறங்குவது பெரும்பாலும் ஈரத்துணி மடிந்து கிடக்கும் நேரத்தில்தான்.

கேள்வி: கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. தவறான அளவை வாங்கிவிட்டேனா?

பதில்: தோளும் மார்பும் சரியாக இருந்தால் அளவு சரிதான். இது கடற்படையில் உள்சட்டையாக இருந்தது. மேலே அணியும் உடையின் கைக்கு வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே முக்கால் கையாக வைக்கப்பட்டது.