பெங்களூரு வந்த தம்பிக்கு: தாராளமாகப் போங்கள்

மதுரையிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகிறது, மாரத்தஹள்ளி பிஜி விடுதியில் ராத்திரி தூக்கமே இல்லை, ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது, சைக்காலஜிஸ்டைப் பார்த்தால் ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி. பைத்தியம் பிடித்தவர்கள்தான் போவார்கள் என்பதெல்லாம் பழைய பேச்சு.

அல்சூரில் குடிவந்த புதிதில் நானும் போனேன். முதல் நாள் அவர் அறிவுரையே சொல்லவில்லை. தூக்கம், சாப்பாடு, வீடு, வேலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்தார்: மனசு பதறும்போதெல்லாம் நோட்டில் மூன்று பத்தி பிரித்து, என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது என்று எழுத வேண்டும். மேனேஜர் "நாளைக்குப் பேசலாம்" என்று மெசேஜ் அனுப்பியிருப்பார். என் நோட்டில் "வேலை போகப்போகிறது" என்று இருக்கும். "இதுக்கு என்ன ஆதாரம்மா?" என்று அவர் பொறுமையாகக் கேட்பார். கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்கப் பழகிவிட்டேன். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் இந்த முறைக்கு சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி) என்று பெயர். 1960களில் ஆரன் பெக் என்ற மருத்துவர் உருவாக்கியது. ஊர் ஏக்கம் இதனால் மறைந்துவிடாது. ஆனால் ராத்திரி தூங்கலாம், அம்மாவிடம் போனில் எரிந்து விழாமல் பேசலாம். எனக்கு அதுவே பெரிது.

படபடப்புக்கு ஒரு பொது மருத்துவரையும் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகையாலும் அப்படி வரும். சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதமாட்டார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு இருந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பில்லை. ஆபீஸ் பயம் வேண்டாம்: 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி நீங்கள் சொல்வதை அவர்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு.

தமிழ் பேசுபவரா என்று முன்பே விசாரியுங்கள். அழுகை முட்டும்போது ஆங்கிலத்தில் வார்த்தை தேட முடியாது. கையில் காசு இல்லையென்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, அரசு நிறுவனம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் அப்பாயின்ட்மென்ட் நாள் வரை காத்திருக்காதீர்கள் தம்பி, அப்போதே அந்த எண்ணுக்கு அடியுங்கள், அறைத் தோழரையும் எழுப்புங்கள்.