கடற்கொள்ளையர் மோட்: மூட்டையாக வேண்டாம், ஒரு கப்பல் போதும்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கெடா, பீடோங்கில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். தம்பி ஆறாம் ஆண்டு, தங்கை படிவம் ஒன்று. இரண்டு பேருக்கும் மைன்கிராஃப்ட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். தங்கை ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் விளையாடுகிறாள். தம்பி என் பழைய மடிக்கணினியில் ஜாவா பதிப்பு விளையாடுகிறான். 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இரண்டும் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுதான். பள்ளி விடுமுறைக்குச் சித்தப்பா பிள்ளைகளும் டேப்லெட்டோடு வருகிறார்கள். எல்லாரும் சேர்ந்து கடற்கொள்ளையர் விளையாட வேண்டுமாம்: கப்பல், பீரங்கி, புதையல், கிளி எல்லாம் வேண்டுமாம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒருவர் '200 கடற்கொள்ளையர் மோட்' என்று பென் டிரைவில் 25 வெள்ளிக்கு விற்கிறார். வாங்கலாமா? வீட்டில் வைஃபை இல்லை, என் கைப்பேசி ஹாட்ஸ்பாட் மட்டும்தான்.

பதில்: முதலில் பசார் மாலாம் கதையை முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். மோட் என்பது விளையாட்டில் புதிது சேர்க்கும் கூடுதல் நிரல். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் இலவசமாகத்தான் தருகிறார்கள். மைன்கிராஃப்ட்டின் உரிம விதிப்படி மோட்டைக் காசுக்கு விற்கவே கூடாது. ஆனால் எனக்குப் பெரிய கவலை அதுவல்ல. ஜாவா பதிப்புக்கான மோட், ஜார் கோப்பாக வரும். அது வெறும் படமோ அலங்காரமோ இல்லை, முழு நிரல். உங்கள் மடிக்கணினியில் நீங்கள் திறக்கக்கூடிய எதையும் அதுவும் திறக்கலாம். 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல், கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பெரிய தளங்களில் இருந்த சில மோட்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. பிரவுசரில் சேமித்த உள்நுழைவு விவரங்களைத் திருடியதோடு, அந்தக் கணினியில் கண்ணில் பட்ட மற்ற ஜார் கோப்புகளுக்குள்ளும் தன்னை ஒட்டிக்கொண்டது. தளங்கள் சில நாளில் அதைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தன. எப்போது, எங்கிருந்து நகல் எடுத்தது என்றே தெரியாத ஒரு பென் டிரைவை யார் சுத்தம் செய்வார்கள்? அதே மடிக்கணினியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கும் பார்ப்பீர்கள்.

அப்புறம், 200 மோட் என்பதே தப்பான கணக்கு. பிள்ளைகள் கேட்கிற பட்டியலில் முக்கால்வாசி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அவிழ்க்க வேண்டிய முடிச்சு வேறு ஒன்று.

தங்கையின் டேப்லெட்டில் இருப்பது பெட்ராக் பதிப்பு. தம்பி விளையாடுவது ஜாவா பதிப்பு. பெயர் ஒன்றுதான், உள்ளே இரண்டும் வேறு. ஜாவா மோட் டேப்லெட்டில் வேலை செய்யாது. மோட் மாதிரி பெட்ராக்கில் போடும் ஆட்-ஆன் ஜாவாவில் ஏறாது. சாதாரணமாக இரண்டு பேரும் ஒரே உலகத்துக்குள் நுழையவும் முடியாது. வீட்டில் நடக்கும் பாதிச் சண்டைக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

நல்ல செய்தி, புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2022 முதல் கணினிக்கு ஜாவாவும் பெட்ராக்கும் ஒன்றாகவே விற்கப்படுகின்றன. அதற்கு முன் ஒன்றை மட்டும் வாங்கியிருந்தவர்களுக்கும் மற்றது கிடைத்தது. மடிக்கணினியில் மைன்கிராஃப்ட் லாஞ்சரைத் திறந்து இடது பக்கம் பாருங்கள். 'மைன்கிராஃப்ட் ஃபார் விண்டோஸ்' என்று இருப்பதுதான் பெட்ராக். அதை இறக்கிக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு எல்லாரும் சேர்ந்து விளையாட அதுதான் வழி. தம்பி முகம் சுளிப்பான், ஜாவாதான் உசத்தி என்பான். சொல்லட்டும், அவனுக்கும் கடைசியில் ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்போது புதையலுக்கு வருவோம். எந்த ஆட்-ஆனும் போடுவதற்கு முன், ஒரு நாள் சும்மா கடலில் சுற்றச் சொல்லுங்கள். 2018இல் வந்த கடல் அப்டேட்டிலிருந்து மூழ்கிய கப்பல்கள் விளையாட்டின் பாகமாகிவிட்டன. கப்பலுக்குள் இருக்கும் பெட்டிகளில் ஒன்றில் புதையல் வரைபடம் இருக்கும். அதில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட இடத்தில் தோண்டினால் பெட்டி கிடைக்கும். அதற்குள் கடலின் இதயம் என்ற நீலக் கல் இருக்கும். அதையும் எட்டு நாட்டிலஸ் சிப்பிகளையும் சேர்த்தால் கான்டுயிட் செய்யலாம். அதைத் தண்ணீருக்கடியில் அதற்குரிய சட்டகத்தோடு கட்டி வைத்தால் சுற்றுவட்டாரத்தில் மூச்சு முட்டாது. கப்பலைத் தேடி அலுத்துவிட்டால் டால்பினுக்குச் சமைக்காத மீன் கொடுங்கள். அது முன்னால் நீந்திப் போய் வழி காட்டும். இவ்வளவும் இலவசம், ஒரு வரி நிரல்கூடப் புதிதாக வேண்டாம்.

கிளி, ஜங்கிள் என்ற அடர்காட்டில் கிடைக்கும். விதை கொடுத்துப் பழக்கினால் தோளில் வந்து உட்காரும். பிஸ்கட் மட்டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் செத்துவிடும். இதைத் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு சாயங்காலம் முழுக்க அழுகைதான். தூரதர்சினிக்கு இரண்டு செம்புக்கட்டியும் ஒரு அமெதிஸ்ட் துண்டும் போதும். மண்டையோட்டுக் கொடிக்கு விதர் எலும்புக்கூட்டின் தலை வேண்டும், அது லேசில் கிடைக்காது. சின்னப் பிள்ளைகள் என்றால் எல்லாப் பொருளும் சும்மா கிடைக்கும் கிரியேட்டிவ் முறையில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. பீரங்கி கேட்டால், பொருளை வெளியே வீசும் டிஸ்பென்சர் பெட்டியில் ஃபயர் சார்ஜ் போட்டு ஒரு பொத்தானை ஒட்டுங்கள். அழுத்தினால் தீக்குண்டு பறக்கும்.

ஒன்றே ஒன்றுதான் இல்லை: ஓடுகிற கப்பல். விளையாட்டில் இருக்கும் படகில் இரண்டு பேர் உட்காரலாம், பெட்டி வைத்த படகில் ஒருவர்தான். கட்டைகளை அடுக்கிப் பெரிய கப்பல் கட்டினால் அது கட்டிய இடத்திலேயே நிற்கும். ஆக நீங்கள் தேட வேண்டியது கப்பலுக்கான ஓர் ஆட்-ஆன், அவ்வளவுதான்.

விளையாட்டுக்குள் இருக்கும் மார்க்கெட்பிளேஸில் கடற்கொள்ளையர் என்று தேடினால் நிறைய வரும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்கின் பேக் என்றால் உடுப்பு மட்டும் மாறும். டெக்ஸ்சர் பேக் என்றால் கட்டைகளின் தோற்றம் மட்டும். வேர்ல்டு என்றால் வேறு யாரோ கட்டி முடித்த உலகம், உங்கள் பிள்ளைகள் கட்டியதற்குள் அது வராது. உங்களுக்குத் தேவை ஆட்-ஆன் என்று வகைப்படுத்தியது. படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அந்தப் படங்கள் நல்ல கணினியில் எடுத்தவை. விவரத்தில் இரண்டு விஷயம் தேடுங்கள். கப்பலில் எத்தனை பேர் ஏறலாம்? பெட்ராக் ஆட்-ஆனில் கப்பல் பெரும்பாலும் குதிரை, படகு மாதிரி ஒரே உருப்படியாகத்தான் வரும். அதனால் இருக்கை எண்ணிக்கையை மீறி ஆள் ஏற்ற முடியாது. ஐந்து பிள்ளைகள், நான்கு இருக்கை என்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, உங்களிடம் இருக்கும் பதிப்புக்கு அது ஒத்துவருமா என்பது.

வெளித்தளத்திலிருந்து இலவச ஆட்-ஆன் எடுத்தாலும் பெரிய ஆபத்தில்லை. பெட்ராக் ஆட்-ஆன் விளையாட்டின் எல்லைக்குள்ளேயே ஓடுவது, ஜார் கோப்பு மாதிரி கணினியைத் தொடாது. ஆனால் இறக்கிய கோப்பு எம்சி-ஆட்ஆன் அல்லது எம்சி-பேக் என்று முடிகிறதா என்று பாருங்கள். இறக்கியது நிறுவி நிரலாகவோ ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பான ஏபிகே-ஆகவோ இருந்தால் உடனே அழித்துவிடுங்கள். சரியான கோப்பைத் தட்டினால் விளையாட்டு தானே திறந்து ஏற்றிக்கொள்ளும். பிறகு உலகத்தின் அமைப்புக்குள் போய் பிஹேவியர் பேக், ரிசோர்ஸ் பேக் இரண்டையும் இயக்க வேண்டும். ஒன்றை மறந்தால் கப்பல் கண்ணுக்குத் தெரியாது, அல்லது வரவே வராது. சில ஆட்-ஆன்கள் எக்ஸ்பெரிமென்ட்ஸ் பொத்தான்களைப் போடச் சொல்லும். போட்டால் அந்த உலகத்தில் அச்சீவ்மென்ட் கிடைக்காது. இதெல்லாம் செய்வதற்கு முன் 'காப்பி வேர்ல்டு' அழுத்தி ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் சோதனை. பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டிய வீட்டோடு விளையாடக் கூடாது.

எல்லாரும் சேர்வதற்கு மடிக்கணினி உலகத்தைத் திறக்கட்டும், அதில்தான் ரேம் அதிகம். பெட்ராக்கின் வசதி என்னவென்றால், ஆட்-ஆனை உலகத்தைத் திறப்பவர் மட்டும் வைத்திருந்தால் போதும். மற்றவர்கள் நுழையும்போது தேவையானதை அவர்கள் கருவி கேட்டு இறக்கிக்கொள்ளும். விளையாட்டின் பதிப்பு மட்டும் எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த அப்டேட் பெரிய கோப்பு. ஹாட்ஸ்பாட் டேட்டாவில் எல்லாக் கருவிக்கும் இறக்கினால் மாதக் கோட்டா போய்விடும். சித்தப்பா வீட்டிலேயே அப்டேட் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். விளையாடுவதற்குச் செலவாகும் டேட்டா கொஞ்சம்தான்.

எல்லாக் கருவியும் உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தபின், உலகத்தின் மல்டிபிளேயர் பகுதியில் லேன் (ஒரே இணைப்பில் இருக்கும்) ஆட்டக்காரர்களுக்குத் தெரியட்டும் என்பதை இயக்குங்கள். சில கைப்பேசிகள், தங்கள் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது. அப்படி ஆனால் மடிக்கணினியின் சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, டேப்லெட்களை அதில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் விண்டோஸ் ஃபயர்வால் மைன்கிராஃப்ட்டைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறு பிள்ளை கணக்கு என்றால் மைக்ரோசாஃப்ட் குடும்ப அமைப்பில் பெற்றோர் அனுமதி கொடுக்காதவரை மல்டிபிளேயர் திறக்காது. அதை விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். உலகத்தின் மல்டிபிளேயர் பகுதியில் ஃப்ரெண்ட்லி ஃபயர் என்று ஒன்று இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள். கொள்ளையர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் அம்மாவுக்கும் நிம்மதி.

இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மெர்போக் ஆறும் பழங்கால வணிகத் தலமான பூஜாங் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. கடலில் வந்த வணிகக் கப்பல்களுக்கு குனோங் ஜெராய் அடையாள மலையாக இருந்தது. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரமும் இந்தப் பக்கம்தான். கரீபியக் கடல் என்று எதையோ கட்டுவதற்குப் பதில் ஜெராயைக் கட்டி, உச்சியில் ஒரு பீக்கன் விளக்கு வைத்து, ஆற்று முகத்தில் துறைமுகம் போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை கூட்டிப் போனால் யோசனை தானாக வரும்.

சரி, தம்பியின் ஜாவாவுக்கு வருவோம். தனியாக விளையாடும்போது அவன் மோட் போடலாம். ஒரே ஒரு மோட் என்றால் ஸ்மால் ஷிப்ஸ் போடச் சொல்வேன். பாய்மரக் கப்பல், பீரங்கி, கொடி எல்லாம் அதில் உண்டு, உங்கள் மடிக்கணினியும் தாங்கும். வால்கிரியன் ஸ்கைஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் தானே கட்டை கட்டையாகக் கட்டிய கப்பல் உண்மையாகவே மிதந்து ஓடும். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு மூச்சு வாங்கும். அதை இப்போதைக்கு ஒத்திப் போடுங்கள்.

மோட்ரிந்த் அல்லது கர்ஸ்ஃபோர்ஜ் செயலியை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே எடுத்து, 1.20.1 பதிப்புக்குத் தனி ப்ரொஃபைல் உருவாக்குங்கள். பழைய பதிப்புதான், ஆனால் இன்னமும் மோட்கள் நிறையக் கிடைக்கும் பதிப்பு. மோட்களை விளையாட்டில் ஏற்றும் ஃபோர்ஜ், ஃபேப்ரிக் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்குச் செய்த மோட் கோப்பு மற்றதில் ஓடாது. ஃபேப்ரிக் எடுத்தால் மற்ற மோட்களுக்குத் தேவைப்படும் ஃபேப்ரிக் ஏபிஐயும், வேகத்துக்கு சோடியம் என்ற மோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நினைவக ஒதுக்கீட்டை 3 முதல் 4 ஜிபிக்குள் வையுங்கள். அதிகம் கொடுத்தால் வேகம் கூடும் என்று 7 ஜிபி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் விண்டோஸுக்கு மிச்சம் இல்லாமல் முழு மடிக்கணினியும் உறைந்துவிடும்.

திறக்காமல் விழுந்தால், அந்த ப்ரொஃபைல் கோப்புறைக்குள் லாக்ஸ் என்ற இடத்தில் லேட்டஸ்ட் என்ற கோப்பு இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். எந்த மோட் இல்லை, எந்தப் பதிப்பு வேண்டும் என்று பெரும்பாலும் பெயரோடு எழுதியிருக்கும். புரியவில்லை என்றால் அந்த வரிகளை அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.