வட்டி இல்லாத பாக்கிக்கு மாதம் 720 ரூபாய்

கேள்வி: பாளையங்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர், வீட்டுக்காரர் சம்பளம் 31,000. பலசரக்கு, காய்கறிக்கே 11,000 போகிறது. நாலு கடை விலையை நோட்டில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கிறேன், ஆனால் வாங்குவதென்னவோ எங்கள் மதினி வீட்டு அண்ணாச்சி கடையில்தான். மகள் சடங்குக்கு எடுத்த சாமானில் 18,000 பாக்கி நிற்கிறது. வட்டி எதுவும் கேட்பதில்லை. மகளுக்கு ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்னதிலிருந்து 640 ரூபாய்க்குச் சத்துமாவு டப்பாவும் வாங்குகிறேன். இப்போது வாங்கி அடுத்த மாதம் பணம் கட்டும் செயலியில் சாமான் எடுத்தால் மிச்சம் பிடிக்கலாமா?

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய விலைப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு கவனமாக எழுதுகிற உங்களுக்கு எந்தக் கடையில் என்ன விலை என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத ஒரு வரிதான் உங்களைக் கடிக்கிறது. ஒவ்வொரு மாதமும் பற்று நோட்டில் முதல் வரியாக அண்ணாச்சி சிவப்பு மையில் 'பழைய பாக்கி 18,000' என்று எழுதுகிறார் என்கிறீர்களே, அந்த வரி.

வட்டி கேட்பதில்லை என்கிறீர்கள், உங்கள் நோட்டு வேறு சொல்கிறது. துவரம் பருப்பு அவரிடம் 148, ரொக்கக் கடையில் 126. மூன்று கிலோவுக்கு 66 ரூபாய். உளுந்து இரண்டரைக் கிலோவில் 45, கடலை எண்ணெய் நாலு லிட்டரில் 92, அரிசி சிப்பத்தில் 130. ஆக 333. அப்புறம் காய்கறி. சாயங்காலம் ஆறு மணிக்கு மிஞ்சிக் கிடக்கிற வாடிய கத்தரிக்காயை, பாக்கி வைத்திருக்கிறோமே என்ற கூச்சத்தில் வாய் திறக்காமல் வாங்கி வருகிறீர்கள். அதில் நாளுக்குப் பதினைந்து ரூபாய், 26 நாளுக்கு 390. மொத்தம் 720 என்று வையுங்கள். 18,000-க்கு மாதம் 720 என்றால் நூற்றுக்கு நாலு வட்டி! வெளியாள் யாராவது நாலு வட்டி கேட்டால் வாசலிலேயே நிறுத்திப் பேசியிருப்பீர்கள். அண்ணாச்சி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, பற்றுக்குக் கொடுக்கிற எந்தக் கடைக்காரரும் விலையில்தான் அதை எடுத்தாகவேண்டும். ஆனால் இரண்டு வருஷமாக நீங்கள் கொடுத்ததில் ஒரு ரூபாய்கூட அசலில் கழியவில்லை.

செயலி வேண்டவே வேண்டாம். அது இன்னொரு பற்று நோட்டு. ஒரு நாள் தவணை பிந்தினால் அபராதம் போடும், கூடவே தேவையில்லாததையும் கண்ணில் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு பவுன் நகையைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்து 18,000 எடுங்கள். அடகுக்கடை பக்கம் போகாதீர்கள். நூற்றுக்கு ஒரு வட்டியை ஒட்டி வந்தால் முதல் மாத வட்டி 180 ரூபாய்தான். மாதம் 1,600 கட்டினால் ஒரு வருஷத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வட்டியை மட்டும் கட்டிவிட்டு வராமல் அசலிலும் வரவு வைக்கச் சொல்லுங்கள். 1,600-க்கு எங்கே போவது? 720 கடை மாறுவதில் வருகிறது, சத்துமாவு டப்பாவை நிறுத்தினால் 640. மீதி 240-ஐ நீங்கள் சமாளித்துவிடுவீர்கள்.

டப்பாவை நிறுத்தச் சொல்வது பிள்ளை வாயைக் கட்டுவதற்கில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு நாள்கூட விடக்கூடாது. அதோடு முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, வாரம் இரண்டு நாள் சாளை மீன், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. நம் ஊரில் இதெல்லாம் கிடைக்காத பொருளா? உளுந்தங்களி கிண்டத் தெரிந்த வீட்டில் டப்பா எதற்கு? ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ துவரம் பருப்பை வரிசையில் நிற்கச் சடைந்து விட்டுவிடுவதாக எழுதியிருந்தீர்கள், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பாமாயில் வேண்டாமென்றால் விடுங்கள், பருப்பை விடாதீர்கள். இந்த மிச்சத்தை நான் மேலே கணக்கில் சேர்க்கவே இல்லை.

காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தை. விவசாயியே நேராக விற்கிற இடம், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். தூரம் என்று தயங்கவேண்டாம், 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வாரம் இரண்டு தடவை போதும், ஆனால் காலையிலேயே போய்விடுங்கள்.

மதினி கோபித்துக்கொள்வார்களே என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. பணத்தை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களும் வீட்டுக்காரருமாகச் சேர்ந்து போங்கள். சடங்கு நேரத்தில் கைகொடுத்ததற்கு மனதார நன்றி சொல்லி, பணத்தை எண்ணிக் கொடுத்து, அந்தச் சிவப்பு வரியை உங்கள் கண் முன்னாலேயே அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அப்படியே உப்பும் சோப்பும் வாங்கிக்கொள்ளுங்கள், ரொக்கத்துக்கு.